ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டதோ? அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

பல்லடம், காங்கேயம் பக்கத்து ஊர்களுக்குப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என் அறைக்கு வரும் ஆண்களில் பலர் இப்போதெல்லாம் உடம்புக்கு என்ன என்று சொல்லித் தொடங்குவதில்லை. கைப்பேசியில் ஒரு லேப் ரிப்போர்ட்டைத் திறந்து மேசைமேல் வைக்கிறார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் என்ற வரி தடித்த எழுத்தில் இருக்கும். அடுத்த கேள்வி ஊசி எப்போது போடலாம் என்பது.

அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பார்க்கும் பரிசோதனைகளையும், பார்க்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஹார்மோனைச் சுரக்கும் விதைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. கோளாறு இடுப்புச் சுற்றளவிலும் தூக்கத்திலும் சர்க்கரையிலும் குடியிலும் இருக்கிறது. அவற்றைச் சரிசெய்யாமல் ஹார்மோன் ஊசிக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அவர்களில் சிலர் இன்னும் குழந்தை பெறாதவர்கள்.

உங்களுக்கு எந்தத் தொந்தரவு இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு மிகுந்தது கடைசியில் வரும். கையில் ஓர் இஞ்சு டேப்பும் ஒரு நோட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

## இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்

விதையில் திடீரென்று கடும் வலி வந்தால், அதுவும் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும் வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். நடு இரவானாலும் 108ஐ அழைத்து அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வெட்கப்பட்டு விடியும்வரை பொறுக்காதீர்கள்.

விதையில் வலியே இல்லாத கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரத்திலேயே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்குவது, முலைக்காம்பிலிருந்து பால் போன்ற நீர் வருவது, மாடி ஏறினால் நெஞ்சில் அழுத்தம் வருவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம் உண்டு. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

## நாள் முழுக்க அசதி, மதியத்துக்கு மேல் கண் சொருகுகிறது

முதலில் தூக்கம். ஒரு வாரத்துக்குப் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் சோதிக்கும் முன் அதைத் திருத்துங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டு அளந்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 2011இல் வெளியான ஆய்வு இது. நம் ஊரில் வாரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் அப்படித் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வந்து, தறி ஓடும் வீட்டிலேயே பகலில் படுப்பவருக்கு எட்டு மணி நேரம் படுத்தாலும் நான்கு மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கிறது. தறிச் சத்தம் பழகிவிட்டது என்பார்கள். காது பழகினாலும் மூளை முழுதாக ஓய்வதில்லை. முடிந்தால் தறி இல்லாத உறவினர் வீட்டில் படுங்கள். இல்லையென்றால் சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, காதில் அடைப்பான் வைத்துப் படுங்கள். ஷிப்டு மாறும்போது பகல் ஷிப்டு வாரங்களைத் தொடர்ச்சியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து குறட்டை. இதை நீங்கள் சொல்ல முடியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, மதியச் சாப்பாடும் முடித்து, மாலை நான்கு மணிக்குக் கொடுத்திருக்கிறார். கூட வந்த கிளீனர் பையனிடம் அண்ணன் எப்படித் தூங்குவார் என்று கேட்டதும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: குறட்டை நடுவில் நின்றுபோகும், மூச்சே வராது, பிறகு திணறிக்கொண்டு திரும்பப் பிடிக்கும், பயத்தில் இரண்டு முறை தட்டி எழுப்பியிருக்கிறான். கழுத்தை அளந்தால் 43 சென்டிமீட்டர். அதுதான் தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய். ஊர் திரும்பி இரண்டு நாள் ஒழுங்காகத் தூங்கிய பின் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டில் அளவு இயல்பாக இருந்தது.

கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, ரத்தக் கொதிப்பு: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த நோய் கடுமையாக இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மூச்சடைப்பு மேலும் மோசமாகலாம்.

தூக்கமும் குறட்டையும் சரியாக இருந்தால் ரத்தம். ஹீமோகுளோபின் (ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை), வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், வைட்டமின் பி12. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது வழக்கம். காலில் மதமதப்பும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இவ்வளவும் இயல்பு என்றால்தான் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு முறை வருகிறது.

## தொப்பை போடுகிறது, கை கால் மெலிகிறது

இந்தத் தலைப்பில்தான் பெரும்பாலோர் நிற்பீர்கள். எனக்குப் பேச நிறைய இருப்பதும் இங்கேதான்.

டேப் எடுங்கள். பேன்ட் அளவை நம்பாதீர்கள். 34 தான் போடுகிறேன் என்பவரின் பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கடைசி விலா எலும்பை விரலால் தேடுங்கள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவு பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. அதற்கு மேல் இருந்தால் வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்சுலினும் சரியாக வேலை செய்யாமல் போகிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுத் திரும்பப் பரிசோதித்தால், மருந்தே இல்லாமல் ரிப்போர்ட் மேலே ஏறியிருப்பதைப் பலரிடம் பார்க்கலாம்.

90க்கு மேல் என்றால் சாப்பாட்டில் முதலில் திருத்த வேண்டியது பேக்கரி. நம் ஊரில் காலை ஆறு மணிக்கு ஒரு டீ, பதினொரு மணிக்கு டீயும் பப்ஸும், நான்கு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், ஏழு மணிக்கு இன்னொரு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது சாப்பாடு என்றே தோன்றுவதில்லை. டீயை விட வேண்டாம். சர்க்கரையை ஒரு மாதத்தில் படிப்படியாக விடுங்கள். பப்ஸ் இடத்தில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ வையுங்கள். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு: கவுந்தப்பாடிச் சந்தையில் வாங்கிய அசல் சரக்கானாலும் உடம்புக்குள் அதுவும் சர்க்கரைதான்.

இரண்டாவது, தட்டில் பருப்பும் முட்டையும் ஏற வேண்டும். அரிசியும் பருப்பும் நம் வீட்டுச் சமையலின் அழகு. ஆனால் இப்போது பல வீடுகளில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புதான் விழுகிறது. இரண்டுக்கு ஒன்று என்று போட்டுப் பாருங்கள். நெய் ஒரு கரண்டி விட்டால் சுவை குறையாது. கொள்ளு கடைந்து வாரம் இரண்டு மூன்று முறை வையுங்கள். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை ரசமாக்கிக் குடித்துவிட்டுக் கொள்ளைக் கொட்டிவிடும் வீடுகளும் உண்டு, தயவு செய்து கொட்டாதீர்கள். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சம் இல்லை; தினம் இரண்டு முட்டை பெரும்பாலோருக்குச் சரி. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அளவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 58 கிராம் வருகிறது. இரண்டு முட்டையும், இரண்டு வேளைப் பருப்பும், தயிரும், ஒரு கைப்பிடிக் கடலையும் சேர்ந்தால் அந்த அளவை நெருங்கிவிடலாம்.

களியும் கம்மஞ்சோறும் நல்லவை. நார் அதிகம், பசி தாங்கும். ஆனால் தட்டு நிறைய இரண்டு உருண்டை களி உருட்டிப் போட்டால் அதுவும் மாவுச்சத்துதான். ஓர் உருண்டை களி, அதே அளவு கீரை, அதே அளவு பருப்போ கறியோ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை அறவே ஒழிக்க வேண்டாம். கொழுப்பை மிகவும் குறைத்த உணவு டெஸ்டோஸ்டிரோனைச் சற்றுக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், அளவோடு தேங்காய் எண்ணெய் போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சுவதை மட்டும் நிறுத்துங்கள். துத்தநாகம் குறைந்தாலும் இந்த ஹார்மோன் குறையும். ஆட்டுக்கறி, எள், பூசணி விதை, கொண்டைக்கடலை ஆகியவற்றில் அது இருக்கிறது. குறைவு இல்லாதவர் துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் ஹார்மோன் ஏறாது. மாதக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் செம்புச் சத்து குறைந்து ரத்தசோகை வரும்.

இரண்டு வதந்திகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால் ஆண்மை போகிறது என்பது ஒன்று. பல்லடம் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கோழி வேகமாக வளரக் காரணம் இனத்தேர்வும் தீவனமும்தான். ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தனித்தனியாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாளருக்கும் கட்டுப்படியாகாது. மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண் ஹார்மோன் குறையும் என்பது இன்னொன்று. சாதாரண அளவில் சோயா டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது, தசை. நம் அப்பாக்கள் வாய்க்காலில் மடை திருப்ப நடந்தார்கள். நாம் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலேயே போடுகிறோம், உழவுக்கு டிராக்டர் வருகிறது, தோட்டத்துக்கு வண்டியில் போய் வண்டியிலேயே திரும்புகிறோம். விவசாயி என்பதாலேயே உடற்பயிற்சி ஆகிவிட்டது என்று நினைக்க முடியாது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை வேண்டும். அத்தோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நடை மட்டும் போதாது. ஜிம் இல்லையென்றால் தண்டாலும் பஸ்கியும் போதும். முழங்கால் வலி இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடங்கலாம். 40 வயதுக்கு மேல், சர்க்கரையோ கொதிப்போ புகைப்பழக்கமோ உள்ளவர், கடுமையான பயிற்சிக்கு முன் இதயத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்து டேப்பைத் திரும்பச் சுற்றுங்கள். இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பாதை சரி, தொடருங்கள். ஒழுங்காகச் செய்தும் அசையவே இல்லை என்றால், அல்லது எதுவும் செய்யாமலே எடை குறைந்துகொண்டே போனால், மருத்துவரிடம் வாருங்கள். எடை தானாகக் குறைவது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்ல; சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றையும் பார்க்க வேண்டும்.

## ஆசையே இல்லாமல் போய்விட்டது

இங்கே ஹார்மோனுக்கு முன் நான் கேட்பது கடனைப் பற்றி. திருப்பூரில் ஆர்டர் குறைந்த மாதங்களில் இந்தப் புகாரோடு வருகிறவர்கள் கூடுகிறார்கள். கவலை, உறக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, கண்ணில் காரணமில்லாமல் நீர் முட்டுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவதை ஊர் பார்க்குமோ என்று தயங்குகிறவர்கள் மேலே சொன்ன 14416 எண்ணில் தொடங்கலாம்.

அடுத்து குடி. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியதும் தொடங்கி ஞாயிறு இரவு வரை ஓடுகிற குடி, வார நாளில் தொடவே மாட்டேன் என்றாலும் குடிதான். மது விதையையும் கல்லீரலையும் சேர்த்தே அடிக்கிறது. ஒரு மாதம் முழுதாக நிறுத்திப் பாருங்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பிறகு மாத்திரைகள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், முடி கொட்டுவதற்கு எடுக்கும் ஃபினாஸ்டிரைடு, மூட்டு வலிக்கோ இளைப்புக்கோ நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் ஆசையைக் குறைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையோடு எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள், மாற்று இருக்கும்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை, காலை விறைப்பும் மூன்று மாதமாக இல்லை, சவரம் செய்யும் இடைவெளி நீண்டுவிட்டது, அக்குள் முடியும் குறைகிறது என்றால் உண்மையான ஹார்மோன் குறைவின் அடையாளங்கள் சேர்ந்து வருகின்றன. ரிப்போர்ட் பற்றிய தலைப்புக்குப் போங்கள்.

## விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை

ஒரே கேள்வியில் பாதை பிரிகிறது: விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா?

வருகிறது என்றால் ரத்தக்குழாயும் நரம்பும் ஹார்மோனும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பயம், பதற்றம், புது மணவாழ்க்கையின் அவசரம், உறவில் உள்ள மனக்கசப்பு ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாக மணமான இளைஞர்களில் பலருக்குச் சில வாரப் பொறுமையும் மனைவியோடு வெளிப்படையான பேச்சும் மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

வருவதில்லை என்றால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை நான்கையும் அந்த வாரமே பாருங்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் ரத்தக்குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு முதலில் இங்கே தெரிகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே அடைப்பு நெஞ்சில் தெரியலாம். 40 வயதுக்கு மேற்பட்டவருக்கு இந்தப் புகார் இருந்தால் நான் இதயத்தைப் பார்க்காமல் அனுப்புவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவும் சேர்ந்திருப்பது அரிதல்ல. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதே அதற்கும் முதல் மருந்து.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் விறைப்பு மாத்திரையான சில்டெனாஃபிலை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் அதோடு இதைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் இது நல்ல மருந்து. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## மார்பு பெருக்கிறது

அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் கொழுப்பு, இடுப்பைக் குறைக்கும் வழியே இதற்கும் வழி. காம்புக்கு நேர்க்கீழே தட்டையாகக் கெட்டியாக இருந்தால் சுரப்பி. பதின்ம வயதில் அது பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே அடங்கும். பெரியவர்களுக்கு என்றால் குடி, கல்லீரல், ஜிம் மருந்து, எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கல் போன்ற கட்டி இருந்தால் உடனே அறுவை சிகிச்சை மருத்துவர்.

## பையனுக்கு வயதாகியும் பருவ மாற்றம் தெரியவில்லை

14 வயது முடிந்தும் விதைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுநெடுவென்று உயரம், சிறிய கெட்டியான விதைகள், மீசை வராமை மூன்றும் சேர்ந்தால் குரோமோசோம் பரிசோதனை தேவைப்படலாம்; எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாகப் பிறக்கும் ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இதில் உணவும் கைமருந்தும் உதவாது.

## குழந்தை தங்கவில்லை

மருமகளை மட்டும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கும் ஈரோட்டுக்கும் அலையும் குடும்பங்களைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் மலிவானது, வலியில்லாதது. அதை முதலில் செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்திருந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள். சாயப்பட்டறையில் பாய்லர் பக்கத்து வேலை, பனியன் கம்பெனியில் நீராவி அயர்ன், எஞ்சின் சூட்டின்மேல் நாள் முழுக்க லாரி ஓட்டுவது ஆகியவை டெஸ்டோஸ்டிரோனைவிட விந்தணுவையே அதிகம் பாதிக்கின்றன. தளர்ந்த பருத்தி உள்ளாடை, இடையிடையே எழுந்து நடப்பது, மடிக்கணினியை மடியில் வைக்காமை, புகையை விடுவது இவ்வளவும் செலவில்லாதவை. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. எனவே மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்; இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டு மனம் உடையாதீர்கள்.

நின்றுகொண்டு பார்க்கும்போது விதைப்பையில் நரம்புகள் சுருண்டு தடித்திருந்தால், சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்திருந்தால், பொன்னுக்கு வீங்கி வந்தபோது விதையும் வீங்கியிருந்தால் சிறுநீரியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குழந்தை வேண்டும் என்கிறவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ போடக் கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அற்றே போகலாம். இவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, அவற்றை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோ சிறுநீரியல் மருத்துவரோ தேர்வு செய்வார்.

## ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்துவிட்டது

முதலில் எப்போது எடுத்தது என்று பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காலை ஏழு முதல் பத்துக்குள், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கிய மறுநாள் எடுத்தால்தான் கணக்கு. காய்ச்சலில் இருந்தபோதோ மருத்துவமனையில் இருந்து வந்த வாரத்திலோ எடுத்தது செல்லாது. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்ல வேண்டும்.

அடுத்து அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பது பரவலாகப் பயன்படும் கீழ் எல்லை. சில லேப்கள் அதையே மில்லிலிட்டர் கணக்கில் 3.0 என்று போடும், சில லேப்கள் நானோமோலில் 10.4 என்று போடும். மில்லிலிட்டர் கணக்கில் போட்ட 4.1 என்ற எண்ணைப் பார்த்து உறக்கம் இழந்தவர்கள் உண்டு. அது 410, இயல்பானது.

வேறொரு நாள் காலையில் இரண்டாம் முறை எடுங்கள். இரண்டும் குறைவு, அறிகுறியும் இருக்கிறது என்றால்தான் அதைக் குறைவு என்று சொல்ல வேண்டும். அறிகுறி ஒன்றும் இல்லாமல் 280 என்று வந்தவரை நான் ஊசிக்கு அனுப்ப மாட்டேன், டேப்பைக் கையில் கொடுப்பேன். இரண்டு முறையும் குறைவு என்றால் விதைக்குக் கட்டளை கொண்டுபோகும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள், பால் சுரப்புக்கான புரோலாக்டின் மூன்றையும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் ஏறியிருந்தால் கோளாறு விதையில். இரண்டுமே குறைவு என்றால் பருமன், மருந்து, நோய், அல்லது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே இருந்தாலோ, புரோலாக்டின் ஏறியே நின்றாலோ எம்ஆர்ஐ தேவைப்படலாம். இந்தக் கட்டத்தில் என்னைப் போன்ற பொது மருத்துவரிடம் நிற்காதீர்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள்.

அவர் சிகிச்சை தொடங்கினால் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் ஹெமடோகிரிட்டையும், வயதுக்கு ஏற்பப் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏவையும் முறையாகப் பார்த்துவர வேண்டும். ஹெமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். ஊசி மட்டும் போட்டுவிட்டு ரத்தம் பார்க்கச் சொல்லாத இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

## ஏற்கெனவே ஏதோ மருந்து சாப்பிட்டுவிட்டேன்

பேருந்து நிலையச் சுவரொட்டியைப் பார்த்து, மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. அவர்கள் அவமானத்துக்குப் பயந்துதான் அங்கே போகிறார்கள். ஆனால் வீரியப் பொடிகளிலும் லேகியங்களிலும் சில்டெனாஃபிலைக் கலந்து விற்பது உலகெங்கும் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட அன்றே வேலை செய்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். மூலிகை அப்படி வேலை செய்யாது. முகம் உப்பிப்போய், பசி கூடி, சர்க்கரை ஏறியிருந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அமுக்கராவை (அஸ்வகந்தா) பற்றிக் கேட்பார்கள். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் டெஸ்டோஸ்டிரோன் சற்று ஏறியிருக்கிறது. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் வந்திருக்கிறது. தைராய்டு மருந்து எடுக்கிறவர்களும் கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்கள் விரும்பினால் அரசு சித்த மருத்துவப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். சிறுநீர் மஞ்சளானாலோ உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்துங்கள்.

ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி போட்டிருந்தால், தம்பி, வீட்டில் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதே. நிறுத்திய பின் விதைகள் பழையபடி வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் அசதியும் மனச்சோர்வும் கடுமையாக இருக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் திரும்ப ஊசிக்குப் போகிறார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் துணையோடு இதைக் கடக்கலாம். வரும்போது காலிக் குப்பியானாலும் எடுத்து வா. எத்தனை வாரம், எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி வா.